கண்டக்டிவிட்டி மீட்டர் தப்பாகக் காட்டினால்: அறிகுறியை வைத்துச் செல்லைச் சோதிக்கும் வழி

ரங்கூனில், தண்ணீர் எவ்வளவு நன்றாக மின்சாரம் கடத்துகிறது என்று அளக்கும் கண்டக்டிவிட்டி மீட்டர்களைப் பழுது பார்க்கும் வேலையில் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரித்தான் தொடங்கும்: “அண்ணே, மீட்டர் போயிடுச்சு.” போய்ப் பார்த்தால் மீட்டர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தண்ணீரில் முங்கிக் கிடக்கும் செல், அதாவது எலக்ட்ரோடுகள் உள்ள அளக்கும் முனை, அந்தத் தண்ணீருக்கு ஏற்றதாக இருக்காது, இல்லாவிட்டால் அதைப் பொருத்திய இடம் சரியாக இருக்காது. மீட்டரை மாற்றுவார்கள், தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெம்பரேனை மாற்றுவார்கள், செல்லை மட்டும் யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் இந்தச் சிக்கல் அதிகமாக வருவதற்குக் காரணம் உண்டு. இங்கே ஒரே ஆள் ஒரே வாரத்தில் மூன்று விதத் தண்ணீரை அளக்க வேண்டியிருக்கிறது. நகரக் குழாயில் வருவது லோகா, ஜோபியூ மாதிரி மழைநீர் தேங்கும் ஏரிகளின் தண்ணீர், உப்பு குறைவு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் டலாவில் கிணறு தோண்டினால் உப்புக் கரிக்கும்; கோடையில் குளம் வற்றினால் குடிதண்ணீருக்கு வரிசைதான். மூன்றாவது, ஆர்.ஓ. தண்ணீரும் பேட்டரித் தண்ணீரும். கரண்ட் அடிக்கடி போவதால் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர், அதனால் பேட்டரித் தண்ணீர் காய்ச்சி விற்பவர்களும் தெருவுக்குத் தெரு. கடத்துதிறனை மைக்ரோசீமன்ஸில் சொல்வோம் (‘செ.மீ.க்கு’ என்பதைச் சுருக்கி விட்டுவிடுகிறேன்); உப்பு கூடினால் எண்ணும் கூடும். 2 மைக்ரோசீமன்ஸில் இருந்து 50,000 மைக்ரோசீமன்ஸ் வரை ஒரே செல்லை வைத்து அளந்துவிடலாம் என்று நினைத்தால் அங்கேயே தப்பு தொடங்கிவிடுகிறது.

மீட்டருக்கு என்ன தெரியும்?

மீட்டருக்குத் தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாது. இரண்டு எலக்ட்ரோடுகளுக்கு நடுவில் எவ்வளவு மின்சாரம் போகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அது அந்த இடத்தின் கடத்தல். அதைத் தண்ணீரின் கடத்துதிறனாக மாற்ற ஓர் எண்ணால் பெருக்குகிறது. அந்த எண்தான் செல் மாறிலி. தகடுகளுக்கு இடையே உள்ள தூரத்தைத் தகட்டின் பரப்பால் வகுத்தால் கிடைப்பது. 1 சதுர செ.மீ. தகடுகள் இரண்டு, 1 செ.மீ. இடைவெளி என்றால் மாறிலி 1. தகட்டைப் பெரிதாக்கி நெருக்கி வைத்தால் 0.1 ஆகும், 0.01 ஆகும். நீண்ட ஒடுங்கிய குழாய்க்குள் மின்சாரத்தை ஓடவிட்டால் 10 ஆகும். சுத்தமான தண்ணீருக்குச் சின்ன மாறிலி, உப்புத் தண்ணீருக்குப் பெரிய மாறிலி. ஏன் என்பது கீழே ஒவ்வோர் அறிகுறியிலும் வரும்.

எதற்கும் முன்னால்: ரெசிஸ்டர் சோதனை

கடையில் கிடைக்கும் 1 சதவீத ரெசிஸ்டர்கள் மூன்று வாங்கி வையுங்கள்: 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம், 100 கிலோ ஓம். மீட்டரில் மாறிலியை 1.00 என்று வையுங்கள், வெப்பநிலைத் திருத்தத்தை நிறுத்துங்கள். செல்லைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் ரெசிஸ்டரை வைத்தால் முறையே 1000, 100, 10 மைக்ரோசீமன்ஸ் காட்ட வேண்டும். காட்டினால் மீட்டர் மேல் பழி இல்லை. அப்புறம் அதே ரெசிஸ்டரை மீட்டரில் வைக்காமல், கேபிளின் மறுமுனையில், செல் இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். முன்பு காட்டியதற்கும் இப்போது காட்டுவதற்கும் வித்தியாசம் இருந்தால் அது கேபிளின் வேலை. கடைசியாக, நன்றாக உலர்ந்த செல்லைக் காற்றில் பிடித்தால் பூஜ்யம் வர வேண்டும். கேபிள் சரியாக இருந்தும் வராவிட்டால் செல்லின் உடம்பில் விரிசல் இருக்கிறது, இல்லாவிட்டால் கனெக்டருக்குள் ஈரம் ஏறியிருக்கிறது. நம்ம ஊர் மழைக்காலத்தில் இரண்டாவதுதான் அதிகம்.

பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் கீழே போக வேண்டாம்.

அறிகுறி: சுத்தமான தண்ணீரில் அதிகமாகக் காட்டுகிறது

பேட்டரித் தண்ணீர் தயாரிக்கும் ஒரு தம்பி, தன்லின் பக்கம். அயனி நீக்கும் ரெசினை இரண்டு தடவை மாற்றிவிட்டார். இரண்டு தடவையும் மீட்டர் 6, 7 என்றே நின்றது. என்னைக் கூப்பிட்டபோது முகத்தில் சுரத்தே இல்லை. ரெசின் விலை அப்படி. நான் ரெசினைப் பார்க்கவில்லை, தரையில் சுருட்டிக் கிடந்த கேபிளைப் பார்த்தேன். பத்து மீட்டர். செல்லின் கழுத்தைத் துடைத்துப் பார்த்தேன், 1.0 என்று பொறித்திருந்தது.

கணக்கு இப்படிப் போகிறது. சாதாரணக் கேபிளுக்கு மீட்டருக்கு நூறு பிக்கோஃபாரட் அளவுக்கு மின்தேக்கம் இருக்கும். பத்து மீட்டர் என்றால் 1 நானோஃபாரட். மீட்டர் 1 கிலோஹெர்ட்ஸில் அளக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்தக் கேபிள் மட்டுமே 159 கிலோ ஓம் மாதிரி நடந்துகொள்ளும், அதாவது 6.3 மைக்ரோசீமன்ஸ். தண்ணீர் உண்மையில் 2 என்று வையுங்கள். மாறிலி 1 உள்ள செல்லில் தண்ணீரின் பங்கு 2, கேபிளின் பங்கு 6.3. இந்த இரண்டு மின்சாரமும் ஒரே நேரத்தில் உச்சம் தொடுவதில்லை, அதனால் நேராகக் கூட்டாமல் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத சாதாரண மீட்டர் அப்படிச் சேர்த்து 6.6 என்று காட்டும். அதே தண்ணீரில் மாறிலி 0.1 உள்ள செல்லைப் போட்டால் தண்ணீரின் பங்கு 20 ஆகிவிடும், கேபிள் அதே 6.3 தான். சேர்த்தால் 21, பத்தால் வகுத்தால் 2.1. தண்ணீரும் அதேதான், கேபிளும் அதேதான். தகடு பெரிதாகி நெருங்கியதால் தண்ணீரின் குரல் கேபிளின் இரைச்சலுக்கு மேலே கேட்டது.

0.1 செல் போட்டேன். 2.2 காட்டியது. அந்தத் தம்பி தூக்கிப் போட வைத்திருந்த பழைய ரெசினைத் திரும்ப மாட்டிப் பார்த்தார். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

ஆக, 20 மைக்ரோசீமன்ஸுக்குக் கீழே அளப்பவர்கள் மாறிலி 0.1 வாங்குங்கள், 1-க்குக் கீழே போகிறவர்கள் 0.01. கேபிளை வேண்டிய அளவுக்குமேல் நீட்டாதீர்கள், மிச்சத்தைச் சுருட்டி வைக்காதீர்கள், வெட்டிச் சுருக்குங்கள். தயாரிப்பாளர் கொடுத்த உறைக்கம்பிக் கேபிளுக்குப் பதில் இரண்டு கோர் லைட் ஒயர் போட்டு ஒட்டியிருந்தால் அதை முதலில் எடுங்கள்.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது செல்லின் குற்றமில்லை. 25 டிகிரியில் பரிசுத்தமான தண்ணீரின் கடத்துதிறன் 0.055 மைக்ரோசீமன்ஸ். அதைக் குவளையில் பிடித்துவைத்தால் காற்றில் உள்ள கரியமில வாயு கரைந்து சீக்கிரமே 1-க்குப் பக்கத்தில் போய் நின்றுவிடும். அதனால் இவ்வளவு சுத்தமான தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் அளக்கவே கூடாது. காற்றுப் படாமல் குழாயிலேயே, தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும்.

அறிகுறி: உப்புத் தண்ணீரில் குறைவாகக் காட்டுகிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர். கிணற்று நீரில் சரியாக இருக்கும் மீட்டர், கழிமுகத் தண்ணீரிலோ ஆர்.ஓ. கழிவு நீரிலோ போட்டதும் உண்மையைவிடக் கீழே நின்றுவிடும். உப்பை இன்னும் கொட்டினாலும் எண் சோம்பேறித்தனமாகத்தான் ஏறும்.

காரணம் எலக்ட்ரோடின் தோலில் இருக்கிறது. உலோகம் தண்ணீரைத் தொடும் இடத்தில் அயனிகள் வரிசை கட்டி நின்று ஒரு மின்தேக்கி உண்டாகிவிடுகிறது. வழவழப்பான உலோகத்தில் சதுர செ.மீ.க்குச் சுமார் 20 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு தகடுகள் தொடராக இருப்பதால் 10. 1 கிலோஹெர்ட்ஸில் அது 16 ஓம் தடை. இப்போது கடல் நீரை எடுங்கள், 50 மில்லிசீமன்ஸ், அதாவது 50,000 மைக்ரோசீமன்ஸ். மாறிலி 1 செல்லில் தண்ணீரின் தடையே 20 ஓம்தான். தண்ணீர் 20, தோல் 16. மீட்டர் இரண்டையும் முன்பு போலவே வர்க்கக் கணக்கில் சேர்த்து, 25.6 ஓம் என்று பார்த்து, 39 மில்லிசீமன்ஸ் என்று சொல்லும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போய்விட்டது.

தப்பிக்க நான்கு வழி உண்டு. மாறிலி 10 உள்ள செல் போட்டால் தண்ணீரின் தடை 200 ஓம் ஆகும், 16 ஓம் ஒரு பொருட்டே இல்லை. இதுதான் மலிவான வழி. அலைவெண்ணைக் கூட்டினாலும் சரி, 10 கிலோஹெர்ட்ஸில் அந்த 16 ஓம் 1.6 ஆகச் சுருங்கும். நல்ல மீட்டர்கள் உப்பு கூடக் கூடத் தானாகவே அலைவெண்ணை ஏற்றிக்கொள்கின்றன.

மூன்றாவது வழி பழையது, எனக்கு மிகவும் பிடித்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ஃபிரீட்ரிக் கோல்ராஷ் நேர்மின்சாரத்தை விட்டு மாறுமின்சாரத்தால் கரைசல்களை அளந்தார். பிளாட்டினம் தகட்டின் மேல் பிளாட்டினத்தையே கறுப்புப் பொடியாகப் படியவைத்துப் பயன்படுத்தினார். கண்ணுக்குக் கரி பூசியது மாதிரி தெரியும். ஆனால் அந்தப் பொடியின் மேடு பள்ளத்தால் தகட்டின் உண்மையான பரப்பு நூற்றுக்கணக்கான மடங்கு பெருகிவிடும், தோலின் தடை அந்த அளவுக்குக் குறைந்துவிடும். இன்றைக்கும் ஆய்வகச் செல்களில் அதே கறுப்புதான். அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், அந்தக் கறுப்பை அழுக்கு என்று நினைத்துப் பல் பிரஷால் தேய்க்காதீர்கள். பளபளவென்று தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து காட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். சுத்தம் செய்த கையோடு செல் செத்துப்போயிருக்கும்.

நான்காவது, நான்கு எலக்ட்ரோடு செல். வெளியே உள்ள இரண்டு மின்சாரத்தை ஓட்டும், உள்ளே உள்ள இரண்டு மின்னழுத்தத்தை மட்டும் பார்க்கும். உள்ளே உள்ளவற்றின் வழியாக மின்சாரம் ஏறக்குறைய ஓடுவதே இல்லை, அதனால் தோலில் என்ன நடந்தாலும் அளவில் தெரியாது. கொஞ்சம் அழுக்குப் படிந்தாலும் தாங்கும். டலா பக்கம் ஒரு நாள் உப்பு, ஒரு நாள் நல்ல தண்ணீர் என்று அளப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். விலை கூடுதல், ஆனால் செல்லை மாற்றி மாற்றிப் போடும் வேலை இல்லை.

அறிகுறி: குவளையில் ஒன்று, வாளியில் ஒன்று

இதை நீங்களே பார்க்கலாம். இரண்டு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் பேனா மாதிரி மீட்டர் ஒன்றை எடுங்கள். பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் ஊற்றி நடுவில் பிடித்து எண்ணைப் படியுங்கள். அப்படியே மெதுவாகச் சுவரை நோக்கி நகர்த்துங்கள். ஊசிகள் சுவரைத் தொடப்போகும்போது எண் இறங்கும். அடிப்பக்கம் கொண்டுபோனாலும் இறங்கும். இப்போது அதே தண்ணீரை எவர்சில்வர் டம்ளருக்கு மாற்றி அதையே செய்யுங்கள்: இந்தத் தடவை எண் ஏறும்.

மின்சாரம் இரண்டு ஊசிக்கு நடுவே நேர்க்கோட்டில் மட்டும் ஓடுவதில்லை, சுற்றிலும் வயிறு தள்ளிக்கொண்டு வளைந்து ஓடுகிறது. பிளாஸ்டிக் சுவர் அந்த வளைவை நறுக்கிவிடுகிறது. உலோகச் சுவர் குறுக்கு வழி கொடுக்கிறது. திறந்த செல்லுக்கு நிலையான மாறிலி என்று ஒன்று கிடையாது. பாத்திரமும் செல்லின் ஒரு பாகமாகிவிடுகிறது.

நல்ல செல்களில் எலக்ட்ரோடைச் சுற்றி ஒரு குழாய் மூடியிருப்பது இதற்காகத்தான். மின்சாரம் எங்கே ஓட வேண்டும் என்று அந்தக் குழாய்தான் வரையறுக்கிறது. ‘பாதுகாப்புக்காக வைத்த மூடி, அளக்க இடைஞ்சல்’ என்று அதைக் கழற்றிவிட்டால் மாறிலியே மாறிவிடும். மூடியின் மேல்பக்கம் காற்று வெளியேற ஓட்டைகள் இருக்கும், அவை முழுக்க முங்கும்வரை செல்லை இறக்குங்கள். பேனா மீட்டர்தான் இருக்கிறது என்றால் எப்போதும் ஒரே பாத்திரம், ஒரே ஆழம், நடுவில் பிடிப்பது.

அறிகுறி: குழாயில் பொருத்தியது துள்ளுகிறது, இல்லாவிட்டால் நம்ப முடியாத அளவுக்குக் குறைகிறது

காற்றுக் குமிழி. எலக்ட்ரோடில் ஒட்டிய குமிழி அந்த இடத்தின் பரப்பைத் தின்றுவிடும், அளவு குறையும். ஆர்.ஓ. ஆலையில் இது அதிக ஆபத்து, ஏனென்றால் தண்ணீர் கெட்டுப்போயிருந்தாலும் மீட்டர் நல்ல பெயர் கொடுக்கும். கிடைமட்டக் குழாயின் உச்சியில் டீ (T வடிவ இணைப்பு) வைத்துச் செல்லைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தால், காற்றெல்லாம் அந்த டீக்குள்தான் போய்க் குடியிருக்கும். செங்குத்துக் குழாயில், தண்ணீர் கீழிருந்து மேலே ஏறும் இடத்தில் பொருத்துங்கள். செல்லின் திறந்த முனை தண்ணீர் வரும் திசையைப் பார்க்க வேண்டும். முனையில் நுழைந்து பக்கத்து ஓட்டை வழியாக வெளியேற வேண்டும்.

டீ ரொம்ப ஆழமாக இருந்து செல் ஓட்டத்தில் நீட்டிக்கொண்டிராவிட்டால் வேறொரு கூத்து நடக்கும். ஆலையை நிறுத்தியபோது தேங்கிய பழைய தண்ணீர் அந்தப் பள்ளத்திலேயே கிடக்கும், ஓடும் தண்ணீர் நல்லதாகி அரை மணி ஆனாலும் மீட்டர் பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும். சோதனை எளிது: செல்லுக்குப் பிறகு ஒரு வால்வைத் திறந்து தண்ணீரை வேகமாக விடுங்கள். எண் உடனே மாறினால் தேக்கம், நடுங்கி நடுங்கி ஏறினால் குமிழி.

அறிகுறி: வாரக்கணக்கில் மெல்ல நகருகிறது

சுண்ணாம்புப் படிவு என்றால் வினிகரிலோ 5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலோ சில நிமிடம் ஊறவைத்து நன்றாக அலசுங்கள். எண்ணெய், வழவழப்பு என்றால் பாத்திரம் கழுவும் திரவம். ஆஸிட் வைக்கும்போது கையுறை போடுங்கள்.

அப்புறம் மாறிலியைத் திரும்பக் கணக்கிடுங்கள். 110 டிகிரியில் உலர்த்திய பொட்டாசியம் குளோரைடு 0.7456 கிராமை ஒரு லிட்டராகக் கரைத்தால் 25 டிகிரியில் 1413 மைக்ரோசீமன்ஸ். உலர்த்துவதை விட்டுவிடாதீர்கள், ஜூலை மாதக் காற்றில் திறந்த டப்பாவில் இருந்த உப்பு எடையிலேயே ஏமாற்றும். மாறிலி 1.00 என்று வைத்து மீட்டர் 1300 காட்டினால், 1413-ஐ 1300-ஆல் வகுங்கள்: 1.087. அதுதான் உங்கள் செல்லின் இன்றைய மாறிலி. கீழே விழுந்து தகடு வளைந்த செல்லிலும் இப்படித்தான் மாறியிருக்கும், அதைப் பதிந்துகொண்டு தொடர்ந்து பயன்படுத்தலாம். கழுவிய பிறகும் நாளுக்கு நாள் மாறினால் செல்லை மாற்ற வேண்டியதுதான்.

வெப்பநிலையை மறக்கக் கூடாது. இயற்கைத் தண்ணீரில் ஒரு டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் ஏறும்; ஏப்ரலில் தண்ணீர் 32 டிகிரியில் இருந்தால், திருத்தம் இல்லாமல் 14 சதவீதம் கூடுதலாகக் காட்டும். பரிசுத்தத் தண்ணீரில் அது 5 சதவீதம் பக்கம். செல்லுக்குள்ளேயே வெப்ப உணரி இருப்பதை வாங்குங்கள். தனியாகத் தொங்கும் உணரி வெயில் படும் குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது அளப்பது குழாயின் சூட்டைத்தான்.

அறிகுறி: ஸ்டாண்டர்டில் சரி, தண்ணீரில் தப்பு

ஸ்டாண்டர்ட் என்பது மேலே கரைத்தது மாதிரி அளவு தெரிந்த கரைசல். 1413-இல் சரிபார்த்துவிட்டு 5-இலோ 50,000-இலோ அளக்கிறீர்கள் என்றால் மேலே முதல் இரண்டு அறிகுறிகளில் ஒன்று உங்களுடையது. செல் மாறிலி உண்மையில் மாறாத எண்ணாக இருக்க வேண்டும், செறிவு மாறினால் அதுவும் மாறுவது போலத் தோன்றுவது விஞ்ஞானிகளையே குழப்பியிருக்கிறது. 1931-இல் கிரின்னெல் ஜோன்ஸும் போலிஞ்சரும் அதன் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: செல்லின் நிரப்புக் குழாய்களும் எதிர்முனைக் கம்பிகளும் நெருக்கமாக இருந்ததால் அவற்றுக்கு நடுவே கள்ளத்தனமாக ஒரு மின்தேக்கம். கண்ணாடிக் குழாய்களைத் தள்ளி வைத்து வடிவமைத்ததும் பிழை போய்விட்டது. தன்லின் தம்பியின் கேபிளில் நான் பார்த்ததும் இதே சொந்தம்தான். அளக்கப்போகும் தண்ணீருக்குப் பக்கத்து ஸ்டாண்டர்டில் சரிபாருங்கள். குறைந்த பக்கத்துக்கு 84 கிடைக்கிறது, உப்புப் பக்கத்துக்கு 12,880.

அறிகுறி: பம்பு ஓடும்போது மட்டும் தப்பு

பம்பின் கசிவு மின்சாரம் தண்ணீர் வழியாகச் செல்லுக்கு வருகிறது. பம்பையும் உலோகத் தொட்டியையும் எர்த் செய்யுங்கள். அதே தொட்டியில் பி.ஹெச். புரோப் இருந்தால் அதை வெளியே எடுத்துப் பாருங்கள்.

அறிகுறி: இரண்டு பேனா, இரண்டு டி.டி.எஸ்.

இரண்டையும் கடத்துதிறனுக்கு மாற்றிப் படியுங்கள். ஒத்துப்போனால் செல்களில் குறை இல்லை. பேனா காட்டும் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த பொருட்களின் மொத்த அளவு) என்பது கடத்துதிறனை ஓர் எண்ணால் பெருக்கியது. ஒரு பேனா 0.5 என்று பெருக்கும், இன்னொன்று 0.7 என்று பெருக்கும். 600 மைக்ரோசீமன்ஸ் தண்ணீர் ஒன்றில் 300, மற்றதில் 420.

புதுச் செல் வாங்கும்போது

பழைய செல்லைத் தூக்கி எறியும் முன் அதன் கழுத்தில் உள்ள மாறிலியை எழுதிக்கொள்ளுங்கள். கேபிள் நீளத்தையும் எத்தனை கம்பி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சேறும் எண்ணெயும் கலந்த உப்புத் தண்ணீர் என்றால் எலக்ட்ரோடே இல்லாத இரட்டை வளையச் செல் இருக்கிறது. ஒரு சுருள் தூண்டும், மற்றது தண்ணீர் வழியே வந்த மின்சாரத்தைப் பிடிக்கும், தோல் இல்லை, படிவும் அவ்வளவாகப் பாதிக்காது. ஆனால் அதை ஆர்.ஓ. தண்ணீருக்கு வாங்காதீர்கள், அங்கே அதற்குக் காது கேட்காது. பொருத்தும்போது குழாய்ச் சுவரில் இருந்து இரண்டு மூன்று செ.மீ. தள்ளியே வையுங்கள். டம்ளரில் பார்த்த அதே கதைதான் அங்கேயும்.